கடல்ல வெளிச்சம் எங்க போய் நிக்குது?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.

மதுரையில எல்லாமே இருக்கு, கடல் மட்டும் இல்ல. அதனால நமக்குக் கடல்னாலே ஒரு ட்ரிப்தான். ராத்திரி சாப்பிட்டு வேன்ல ஏறணும், பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டணும், விடியக்காலையில பாம்பன் பாலத்து மேல நின்னு செல்ஃபி எடுக்கணும். நிக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கும். இருந்தாலும் நிப்போம்.

அந்தப் பாலத்துல நிக்கும்போது ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. ராமேஸ்வரத்தைப் பார்த்து நின்னா இடது பக்கம் பாக் விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரங்க ஒண்ண பெண் கடல்ம்பாங்க, இன்னொண்ண ஆண் கடல்ம்பாங்க. அமைதியா இருக்கிறது பெண் கடல், அலை அடிக்கிறது ஆண் கடல். பேரு வச்சதைப் பத்தி தனியா ஒரு சண்டை போடலாம், இன்னிக்கு வேண்டாம். என் பிரச்சினை வேற. பல நாள்ல ரெண்டு பக்கமும் ஒரே கலர்ல இருக்காது. ஒரு பக்கம் கலங்கின பச்சை, இன்னொரு பக்கம் நீலம். சில மாசம் கழிச்சுப் போனா அதுவும் மாறியிருக்கும். மேல இருக்கிறது ஒரே வானம். அப்புறம் எப்படி ரெண்டு கலர்?

போன தடவை வேன்ல இதைக் கேட்டேன். "வானம் தண்ணியில தெரியுதுடா, அவ்வளவுதான்"னு பதில் வந்துச்சு. ஸ்கூல்ல நானும் அதைத்தான் நம்பினேன். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வானம் ஏன் நீலமா இருக்குன்னு உலகத்துக்கே சொன்ன ரேலி பிரபு, நோபல் பரிசு வாங்கின மனுஷன், அவரே கடலோட நீலம் வானத்தோட பிரதிபலிப்புதான்னு நினைச்சார்.

அதை ஒத்துக்காதவர் நம்ம திருச்சியில பிறந்த சி.வி. ராமன். 1921-ல இங்கிலாந்துக்குப் போயிட்டு நர்குண்டாங்கிற கப்பல்ல திரும்பி வர்றார். வயசு 32. மத்தியதரைக்கடலோட நீலத்தைப் பார்த்துட்டு, மத்தவங்க மாதிரி "ஆஹா"ன்னு சொல்லி விட்டுடல. பையில இருந்து ஒரு நிக்கல் பட்டகத்தை எடுத்தார். இன்னிக்கு போலராய்டு கூலிங் கிளாஸ் செய்யுற வேலையைச் செய்யுற படிகத் துண்டு அது. தண்ணி மேல பட்டுத் தெறிச்சு வர்ற வெளிச்சத்தை, சரியான கோணத்துல பிடிச்சா, அது அப்படியே வெட்டிடும். வானத்தோட பிரதிபலிப்புதான் நீலம்னா, அதை வெட்டினதும் கடல் கறுத்துப் போகணும். போகல. நீலம் இன்னும் அழுத்தமாத் தெரிஞ்சுது. அப்ப நீலம் மேல இருந்து வரல, தண்ணிக்குள்ள இருந்து வருது. கப்பல் பம்பாய் துறைமுகத்துக்கு வந்து சேர்றப்பவே கட்டுரை ரெடி. அந்த நவம்பர்ல நேச்சர் இதழ்ல வந்துச்சு.

இதை நீங்களும் செய்யலாம். தனுஷ்கோடி போகும்போது போலராய்டு கண்ணாடி இருந்தா, தண்ணியைச் சாய்வாப் பார்த்துக்கிட்டே கண்ணாடியைக் கையில பிடிச்சு மெதுவா திருப்புங்க. ஒரு இடத்துல மேல் பளபளப்பு காணாமப் போகும். அப்பத் தெரியுறதுதான் கடலோட சொந்தக் கலர்.

ராமன் முழுசா சரியான்னு கேட்டா, முக்கால்வாசி. தண்ணி மூலக்கூறுகள் வெளிச்சத்தைச் சிதறடிக்குது, அதுல நீலத்தை அதிகமாச் சிதறடிக்குது, அதனால நீலம் திரும்பி மேல வருதுன்னு அவர் சொன்னது உண்மை. ஆனா அதோட இன்னொண்ணும் பெருசா நடக்குது. தண்ணி சிவப்பு வெளிச்சத்தைத் தின்னுடும். சுத்தமான தண்ணியில பத்து மீட்டர் இறங்கினா சிவப்புல கொஞ்சம்தான் மிஞ்சும். நீலம் நூறு மீட்டர் தாண்டியும் போகும். டைவிங் போனவங்க சொல்வாங்க, கீழ கையில வெட்டுப்பட்டா ரத்தம் சிவப்பாத் தெரியாது, பச்சையும் கறுப்புமாத் தெரியும்னு. ரத்தம் மாறல, அதைச் சிவப்பாக் காட்ட அங்க சிவப்பு வெளிச்சம் இல்ல.

சரி, தண்ணி மட்டும் இருந்தா நீலம். ஆனா கடல்ல தண்ணி மட்டும் இருக்கிறதில்லையே. இங்கதான் பொடிசுகள் உள்ள வர்றாங்க.

வீட்ல ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுங்க. லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சை ஒரு பக்கமா அடிங்க. வெளிச்சம் நுழைஞ்ச தடமே தெரியாது. இப்ப ஒரே ஒரு சொட்டு பால், முடிஞ்சா ஆடை எடுத்த பால். கலக்கினதும் தண்ணிக்குள்ள வெளிச்சத்தோட பாதை தெரியும், பக்கவாட்டுல லேசா நீலம் பாய்ஞ்ச வெள்ளை. டார்ச்சுக்கு நேர் எதிர்ல இருந்து பார்த்தா மஞ்சளடிக்கும். இன்னும் பால் ஊத்துங்க, நீலம் போயிடும், வெறும் வெள்ளை. துகள் ரொம்பச் சின்னதா, கொஞ்சமா இருக்கிற வரைக்கும்தான் அது நீலத்தைப் பொறுக்கிச் சிதறடிக்கும். பெருசாகி, நெருக்கமா ஆக ஆக எல்லாக் கலரையும் ஒண்ணாச் சிதறடிக்கும். நம்ம ஜிகர்தண்டாவுக்குள்ள டார்ச் அடிச்சு அந்தப் பக்கம் பார்க்க முடியுமா? முடியாது. அதுக்காக ஜிகர்தண்டாவை வீணாக்காதீங்க.

பாக் விரிகுடா பெரும்பாலான இடத்துல பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். நல்ல காத்தடிச்சா அடிமண் எழும்பும். களிமண் துகள் பால் சொட்டு மாதிரி எல்லா வெளிச்சத்தையும் அங்கேயே சிதறடிக்கும். அதோட மக்கின இலை, தழையில இருந்து இறங்கின சாறும் சேரும். அது டீ டிகாக்ஷன் மாதிரி, துகளே இல்லாம கரைஞ்சு கிடக்கும், நீலத்தை மட்டும் தின்னும். மண் சிதறடிக்கும், சாறு உறிஞ்சும். நம்ம ஊர்க் கண்மாயில இது ரெண்டும் வருஷா வருஷம் நடக்குது. மழை முடிஞ்ச கையோட வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போய்ப் பாருங்க, செம்மண் கலர். கோடையில அதே தண்ணி பச்சை.

அந்தப் பச்சைதான் மூணாவது ஆள். மிதவை உயிரிகள், பிளாங்டன். அதுல செடி வேலை செய்யுற வகை தாவர மிதவை. ஒவ்வொண்ணும் ஒரே செல். உள்ள பச்சையம் இருக்கு. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கிட்டு பச்சையை வேண்டாம்னு விட்டுடும். சிவப்பை ஏற்கனவே தண்ணி தின்னுடுச்சு, நீலத்தை இவங்க தின்னுட்டாங்க, மிச்சம் பச்சை. அவ்வளவுதான் கணக்கு.

எவ்வளவு சின்னதுன்னு ஒரு உதாரணம். புரோகுளோரோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா. நடுக்கடல்ல ஒளிச்சேர்க்கை செய்யுற உயிர்கள்ல எண்ணிக்கையில இதுதான் முதல். ஒரு மில்லி தண்ணியில ஒரு லட்சம் வரைக்கும் இருக்கலாம். நம்ம தலைமுடியோட தடிமன்ல நூறு செல்லைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கிடலாம். இப்படி ஒண்ணு இருக்குன்னே 1980-கள் வரைக்கும் யாருக்கும் தெரியாது. உலகத்துல நடக்கிற ஒளிச்சேர்க்கையில ஏறக்குறைய பாதி கடல்ல நடக்குது. அதைச் செய்யுறது இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான், கடல் பாசி மரமெல்லாம் இல்ல.

நமக்கு நீலக்கடல்தான் அழகு. மாலத்தீவு போஸ்டர், அந்தமான் ரீல்ஸ், எல்லாம் நீலம். ஆனா கண்ணாடி மாதிரி நீலமா இருக்கிற கடல் பட்டினிக் கடல். அங்க மிதவை உயிரி கொஞ்சம், அதைத் தின்ன சின்ன மீன் கொஞ்சம், அதைத் தின்ன பெரிய மீனும் கொஞ்சம். தென் பசிபிக் நடுவுல உலகத்துலயே தெளிவான கடல் இருக்கு. அதைப் பாலைவனம்னே ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. மீன் பிடிக்கிறவங்க தேடுறது பச்சை பாய்ஞ்ச தண்ணியை. நம்ம தட்டுக்கு வர்ற மத்தி எல்லாம் அந்தப் பச்சையில இருந்து வந்தது.

ஆனா பச்சை அளவு மீறினா என்ன ஆகும்? அதையும் நம்ம பக்கத்துலயே பார்த்தாச்சு.

2019 ஆகஸ்ட்ல சென்னை திருவான்மியூர்ப் பக்கம் ராத்திரி அலை நீலமா மின்னுச்சு, ஞாபகம் இருக்கா? வாட்ஸ்அப் முழுக்க அந்த வீடியோதான். அது நாக்டிலூகாங்கிற மிதவை உயிரி. ஒரு செல்தான், ஆனா செல் கணக்குல பார்த்தா பூதம், ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் கூட வளரும். அலை அடிச்சு அசைஞ்சா உள்ள ஒரு வேதிவினை நடந்து பளிச்சுனு நீலமா மின்னும். எல்லாரும் பீச்சுக்கு ஓடினாங்க. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்.

அடுத்த மாசம், செப்டம்பர்ல, மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடா பச்சையா மாறிச்சு. இதுவும் நாக்டிலூகா. மீனவர்கள் இதைப் பூங்கோரைன்னு சொல்வாங்க, அவங்களுக்குப் புதுசில்ல. 2008 அக்டோபர்லயும் இதே பக்கம் வந்திருக்கு. இங்க வர்ற நாக்டிலூகாவுக்கு உள்ள ஒரு பச்சை உயிரி வாடகைக்கு இருக்கும். ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டியா, வெளிச்சத்தைப் பிடிச்சு சாப்பாடு பண்ணிக் கொடுக்கும். அதனாலதான் பெயின்ட் கொட்டின மாதிரி பச்சை.

மேல ஒரு பச்சைப் போர்வை விழுந்தா கீழ வெளிச்சம் குறையும். அதை விட மோசம், அந்தக் கூட்டம் சாகும்போது நடக்கும். கோடிக்கணக்கான செல் ஒரே நேரத்துல அழுகினா தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் எல்லாம் அதுக்கே போயிடும். ஒரு லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராமுக்கும் கீழ போச்சு. மீன் செத்து ஒதுங்கிச்சு. ஷிங்கிள் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் செத்துச்சு. வேகமா வளர்ற அக்ரோபோரா மாதிரி வகைகளுக்குத்தான் அடி அதிகம். தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க நேர்ல இறங்கிப் பார்த்து இதை எழுதியிருக்காங்க. பவளத்தைக் கொன்னது மூச்சுத்திணறல்னு அவங்க சொல்றாங்க. சென்னையில நாம ரீல்ஸ் எடுத்த அதே உயிரிதான்.

பாக் விரிகுடாவுல வேற ஒரு கவலை. அங்க அடியில கடல்புல் இருக்கு. பாசி இல்ல, உண்மையான புல், பூ பூக்கும். அதைத் தின்னுதான் ஆவுளியா வாழுது, கடல்பசுன்னும் சொல்வாங்க. 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமா அறிவிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா புல்லுக்கு வெளிச்சம் வேணும். அடிமண்ணைக் கிளறிக்கிட்டே இருந்தாலோ, கழிவு இறங்கி மேல பச்சை கட்டினாலோ, புல்லுக்கு மேல திரை விழுந்த மாதிரி. மேப்புல கோடு போட்டு வலையைத் தடுக்கலாம், கலங்கல் அந்தக் கோட்டைப் பார்த்து நிக்காது.

சரி, இவ்வளவு பெரிய கடல்ல எங்க பச்சை, எங்க நீலம்னு யார் பார்க்கிறது? மேல இருந்து பார்க்கிறாங்க. 1978-ல நாசா நிம்பஸ்-7 செயற்கைக்கோள்ல கடல் கலர் பார்க்க ஒரு கருவி அனுப்பிச்சு. நம்ம இஸ்ரோ 1999 மே 26-ல ஓஷன்சாட்டை அனுப்பிச்சு. 720 கிலோமீட்டர் உயரத்துல இருந்து எட்டு அலைநீளத்துல கடலைப் பார்த்துச்சு. 2009-ல ரெண்டாவது, 2022 நவம்பர்ல மூணாவது, அதுல பதிமூணு அலைநீளம். நீலம் எவ்வளவு திரும்பி வருது, பச்சை எவ்வளவு திரும்பி வருது, ரெண்டையும் வகுத்துப் பார்த்தா அந்தத் தண்ணியில பச்சையம் எவ்வளவுன்னு ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

கேட்க ஈசியா இருக்கு. ஆனா கருவிக்கு வர்ற வெளிச்சத்துல பத்துல ஒன்பது பங்கு காத்துல சிதறினது, தண்ணியில இருந்து வர்றது ஒரு பங்குதான். கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்துல ஒருத்தர் ரகசியம் சொல்ற மாதிரி. அதைப் பிரிச்சுக் கேட்கணும்.

அப்புறம் இன்னொரு திருத்தம் பண்ணணும், அது நம்ம ஊர்ச் சமாச்சாரம். கப்பல்ல ஆரம்பிச்ச அந்தத் தண்ணி ஆராய்ச்சிதான் வளர்ந்து வளர்ந்து 1928 பிப்ரவரி 28-ல ராமன் விளைவுல போய் நின்னுச்சு. திரவத்துல நுழையுற வெளிச்சத்துல கொஞ்சூண்டு, கலர் மாறி வெளிய வரும். அந்தச் சோதனைகள்ல ராமனோட சேர்ந்து உழைச்சவர் கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்புல பிறந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல படிச்சவர், அப்புறம் நம்ம மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர். கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கும்போது ஒரு தடவை நினைச்சுக்கோங்க. விஷயம் என்னன்னா, தெளிவான நடுக்கடல்ல இந்த ராமன் விளைவு சும்மா நடந்துக்கிட்டே இருக்கு. நீல வெளிச்சத்துல ஒரு சின்னப் பங்கு பச்சையா, மஞ்சளா மாறி மேல வருது. கணக்கு போடுறவங்க இதைக் கழிக்கலைன்னா தண்ணி போட்ட கலரை மிதவை உயிரி போட்டதா நினைச்சுடுவாங்க. கடலைப் பார்த்து ஆரம்பிச்ச கேள்விக்குக் கிடைச்ச பதில், திரும்ப கடலுக்கே தேவைப்படுது.

இந்த மேப்பும் தண்ணியோட வெப்பநிலையும் சேர்த்து, ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் எந்தப் பக்கம் மீன் கூடும்னு தகவல் அனுப்புது. தமிழ்லயும் வருது, மெசேஜா வருது, துறைமுகத்துல போர்டுலயும் வருது. மீன் தேடி அலையுற டீசல் மிச்சம். ஆனா கரைக்குப் பக்கத்துல, குறிப்பா பாக் விரிகுடா மாதிரி ஆழமில்லாத இடத்துல, செயற்கைக்கோளும் ஏமாறும். எழும்பின சேறும் அடியில இருக்கிற மணலும் சேர்ந்து பச்சையம் அதிகம்னு காட்டிடும். அங்க இன்னும் படகுல இருக்கிறவர் கண்ணுதான் நம்பகம்.

"இதெல்லாம் ராமநாதபுரத்துக்காரங்க கவலை, மதுரைக்கு என்ன"ன்னு கேட்டா, ஒண்ணு சொல்றேன். வெளிச்சம்னா சூடு. மிதவை உயிரி அதிகமா இருந்தா வெயில் மேல் தண்ணியிலயே நின்னுடும், மேல் தண்ணி சூடாகும். தெளிவா இருந்தா வெயில் ஆழத்துக்கு இறங்கும், மேல அவ்வளவு சூடு ஏறாது. கேரளத்துல இருந்து போன சுபா சத்யேந்திரநாத்தும், கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தோட சதீஷ் ஷெட்யேவும் இன்னும் சிலரும் சேர்ந்து 1991-ல நேச்சர்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அரபிக்கடலோட மேற்பரப்பு வெப்பம் பருவத்துக்குப் பருவம் மாறுறதுல இந்த மிதவை உயிரிகளுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு காட்டினாங்க. கடலுக்கும் காத்துக்கும் நடுவுல நடக்கிற வெப்பக் கொடுக்கல் வாங்கலும் அதனால மாறுது. அந்தக் கடல் மேல இருந்துதான் தென்மேற்குப் பருவக்காத்து வருது. அது பெரியாறு மலையில மழையாப் பெய்யுது, 1895-ல இருந்து சுரங்கம் வழியா மலையைத் தாண்டி வைகைப் பக்கம் இறங்குது, நம்ம குழாய்க்கு வருது. ஒரு செல்லு உயிரிதான் நம்ம மழையைத் தீர்மானிக்குதுன்னு நான் சொல்லல. மழைக்கு ஆயிரம் காரணம். அந்த ஆயிரத்துல இதுவும் ஒண்ணு, மழையைக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல்ல கடல் எவ்வளவு பச்சைன்னு சரியாப் போடணும்னு மெனக்கெடுறாங்க.

கடைசியா ஒரு வேலை தர்றேன். 1865-ல ஆஞ்சலோ செக்கின்னு ஒரு இத்தாலியப் பாதிரியார், வானியல்காரர், போப்பாண்டவர் கப்பல்ல இருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயித்துல கட்டிக் கடல்ல இறக்கினார். தட்டு கண்ணுல இருந்து மறையுற ஆழத்தைக் குறிச்சுக்கிட்டார். அவ்வளவுதான் கருவி. நூத்தி அறுபது வருஷமாச்சு, இன்னிக்கும் ஆராய்ச்சிக் கப்பல்ல இதை வச்சிருக்காங்க. அந்த ஆழத்தை ஏறக்குறைய ரெண்டரை மடங்காக்கினா, செடி வாழுற அளவு வெளிச்சம் எங்க நிக்குதுன்னு ஒரு உத்தேசம் கிடைக்கும்.

நமக்குக் கடல் இல்லைன்னா என்ன, மதுரையைச் சுத்தி எவ்வளவு வயக்காட்டுக் கிணறு இருக்கு. வெள்ளை பெயின்ட் அடிச்ச ஒரு பழைய தட்டு, நடுவுல ஓட்டை, அடியில கட்ட ஒரு கல்லு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயிறு. உச்சி வெயில் கிணத்துக்குள்ள விழுற நேரமாப் பார்த்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியவே நின்னு இறக்குங்க. தனியாப் போகாதீங்க. தண்ணிக்குள்ள எத்தனையாவது முடிச்சுல தட்டு மறையுதுன்னு எழுதி வைங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை பெஞ்சு ஒரு வாரத்துல ஒரு தடவை. அடுத்து ராமேஸ்வரம் போற வேன்லயும் அந்தத் தட்டை எடுத்துக்கோங்க. பாம்பன்ல ஒரு படகுக்காரரைக் கேட்டு ரெண்டு கடல்லயும் இறக்கிப் பாருங்க. எத்தனை முடிச்சுன்னு கமென்ட்ல போடுங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல வாசிக்கிறேன்.